ஹைகேற் மேட்டில் ஒரு கடனாளி: கவிஞர் கோல்ரிட்ஜும் ஜேர்மன் சப்பாத்துத் தொழிலாளியும்

ஆர்ச்வே வீதியில் இருக்கும் ஹைகேற்ஹில் முருகன் கோயிலுக்கு ஒரு தடவையாவது போகாத லண்டன் தமிழர் குறைவு. பூசை முடிந்ததும் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு, கார் நிறுத்திய இடத்தைத் தேடி இறங்கி வந்துவிடுவோம். இறங்காமல் அதே மேட்டில் இன்னும் கொஞ்சம் ஏறி நடந்தால் சென் மைக்கல் தேவாலயம் வரும். அதன் தரையில் ஒரு நினைவுக் கல் பதித்திருக்கிறது. அதற்கடியில் உள்ள நிலவறையில் ஒரு குடும்பத்தின் ஐந்து சவப்பெட்டிகள் இருக்கின்றன: ஒரு கவிஞர், அவர் மனைவி, மகள், மருமகன், பேரன். பக்கத்திலிருந்த பழைய சிற்றாலயத்துப் புதைகுழி பழுதடைந்துபோக, 1961 இல் அவர்களை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு அந்த இடம் இடிபாடுகளால் மூடுண்டு மறக்கப்பட்டுவிட்டது. 2018 இல் தேடிப் பார்த்தபோதுதான், தேவாலயம் கட்டப்படுவதற்கு முன் அங்கே நின்ற மாளிகையின் வைன் நிலவறையில் அந்தப் பெட்டிகள் இருப்பது மறுபடி தெரியவந்தது.

அந்தக் கவிஞர் சாமுவேல் ரெயிலர் கோல்ரிட்ஜ். ஊரில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு, கடற்பறவையைக் கொன்றுவிட்டு அந்தப் பாவத்தைச் சுமந்து திரியும் கிழமாலுமியின் கதையை எழுதியவராக அவரைத் தெரியும். அவருக்கு இன்னும் இரண்டு முகங்கள் உண்டு. ஜேர்மன் மெய்யியலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த முக்கியமானவர்களில் அவர் ஒருவர். அதோடு, அந்த ஜேர்மன் நூல்களிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து, எடுத்த இடத்தைச் சொல்லாமல் விட்டவர் என்ற குற்றச்சாட்டும் அவர்மீது இருக்கிறது.

நான் வர்த்தகம் படித்தவன். மெய்யியல் என் தொழில் அல்ல. ஆனால் யாருக்கு யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பார்ப்பதுதான் முப்பது வருடமாக என் வேலை. அந்தக் கண்ணோடு இந்த மனிதரின் வாழ்க்கையை வாசித்தபோது அதை விட்டு எழும்ப முடியவில்லை. காசுக் கடன், அன்புக் கடன், அறிவுக் கடன் என்று அவர் வாழ்க்கை முழுக்கக் கடன்தான். கடைசியில் அந்தக் கணக்கை எழுதி முடித்தது அவர் அல்ல. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சாமியார் வீட்டுக் கடைக்குட்டி

கோல்ரிட்ஜ் 1772 ஒக்டோபர் 21 இல் டெவன் பகுதியிலுள்ள ஒற்றரி சென் மேரி என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பன் ஊர்ப் பாதிரியார், பாடசாலைத் தலைமை ஆசிரியரும் அவரே. பெரிய குடும்பத்தில் இவர் கடைக்குட்டி. 1781 இல் தகப்பன் இறந்தார். அடுத்த வருடம் பிள்ளையை லண்டன் நியூகேற் வீதியில் இருந்த கிறைஸ்ற்ஸ் ஹொஸ்பிற்றல் என்ற தருமப் பாடசாலையில் கொண்டுபோய் விட்டார்கள். நீலச் சட்டை போட்ட ஏழைப் பிள்ளைகளின் விடுதி அது. ஒன்பது வயதில் வீட்டை விட்டுப் பிரிந்த பிள்ளைக்குப் புத்தகம்தான் துணை. அண்ணன்மாரில் இருவர் கிழக்கிந்தியக் கொம்பனிப் படையில் சேர்ந்து இந்தியாவுக்குப் போனார்கள். இருவரும் திரும்பி வரவில்லை. ஒருவர் இறந்தது 1792 இல், திப்பு சுல்தானுக்கு எதிரான சிறீரங்கப்பட்டண முற்றுகைக்குப் பிறகு.

கேம்பிரிட்ஜில் 1791 இல் சேர்ந்தவர் இரண்டு வருடத்திலேயே கடனில் மூழ்கினார். 1793 டிசம்பரில் ஒருவருக்கும் சொல்லாமல் பொய்ப் பெயர் கொடுத்துக் குதிரைப் படையில் சேர்ந்துவிட்டார். குதிரையில் ஒழுங்காக உட்காரவே தெரியாதவர். வீட்டார் தேடிப் பிடித்து, புத்தி பேதலித்தவர் என்று பதிவு செய்வித்து, சில மாதங்களில் மீட்டெடுத்தார்கள். பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார்.

1795 இல் சாரா ஃபிறிக்கரை மணந்தார். வேர்ட்ஸ்வர்த்தின் நட்பு கிடைத்தது. இருவரும் சேர்ந்து 1798 இல் வெளியிட்ட சிறு கவிதைத் தொகுப்பு ஆங்கிலக் கவிதையின் போக்கையே மாற்றியது. அதே வருடத் தொடக்கத்தில் பீங்கான் உற்பத்தியாளர்களான வெட்ஜ்வூட் சகோதரர்கள், ஆயுள் முழுவதும் வருடம் 150 பவுண் தருவதாக ஏற்றுக்கொண்டார்கள். இன்றும் நம் வீடுகளின் கண்ணாடி அலுமாரியில் அந்தப் பெயர் பொறித்த கோப்பைகள் இருக்கும். நிபந்தனை எதுவும் இல்லை, எழுது, சிந்தி என்பதுதான். பாதிரியார் வேலைக்குப் போகவிருந்தவரை அந்தப் பணம் மெய்யியலின் பக்கம் திருப்பியது.

முப்பது பவுண் புத்தகம்

அந்தப் பணத்தில் 1798 செப்டெம்பரில் ஜேர்மனிக்குப் போனார். ராற்செபேர்க்கில் மொழியைப் படித்தார். பிறகு கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் விரிவுரைகள் கேட்டார். மனைவியும் இரண்டு ஆண் குழந்தைகளும் இங்கிலாந்தில். 1799 பெப்ரவரியில் கைக்குழந்தை பேர்க்லி இறந்துபோனது. படிப்பு குழம்பிவிடும் என்று செய்தியைப் பிந்தித்தான் அறிவித்தார்கள். செய்தி கிடைத்த பிறகும் அவர் உடனே வீடு திரும்பவில்லை. யூலையில்தான் வந்தார். வரும்போது ஏறக்குறைய 30 பவுண் பெறுமதியான புத்தகங்கள், பெரும்பாலும் மெய்யியல் நூல்கள், கூட வந்தன. தூர தேசத்தில் இருந்தபடி வீட்டுச் சாவைக் கேட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. நம்மால் போக முடியவில்லை. அவருக்குப் போக முடிந்தது, ஆனால் போகவில்லை. இந்தப் பதிவை அவருக்குச் சார்பாக எழுதுவது கடினம்.

அந்தப் புத்தகங்களில் என்ன இருந்தது? ஜேர்மனி அப்போது மெய்யியலில் கொதித்துக்கொண்டிருந்தது. கான்ட் என்ற பேராசிரியர், நாம் காணும் உலகம் நம் மனம் வகுத்துத் தரும் ஒழுங்கில்தான் நமக்குத் தெரிகிறது, அதற்கப்பால் பொருள் தன்னளவில் என்னவென்று அறிவால் எட்ட முடியாது என்று காட்டிவிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த எல்லையில் நிற்க விரும்பவில்லை. ஃபிக்டே எல்லாவற்றையும் நான் என்ற உணர்விலிருந்து தொடங்கினார். ஷெல்லிங், இயற்கையும் மனமும் ஒரே வேரின் இரண்டு கிளைகள் என்றார். ஹெகல், எதிரெதிரான இரண்டு மோதி அவற்றைத் தாண்டிய ஒன்று பிறக்கும் ஓட்டமாகவே வரலாறு முழுவதையும் பார்த்தார். இவர்களுடைய சிந்தனையைத்தான் ஜேர்மன் கருத்துமுதல்வாதம் என்கிறோம்.

இந்தக் கருத்துகள் வெறும் தர்க்கத்தில் மட்டும் பிறந்தவை அல்ல. ஷெல்லிங்கும் ஹெகலும் கவிஞர் ஹோல்டர்லினும் ரூபிங்கன் நகரில் பாதிரிமாருக்கான கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவர்கள் வளர்ந்த வூர்ட்டெம்பேர்க் பகுதியில் தியானத்தையும் உள்ளொளியையும் போற்றும் கிறிஸ்தவ மரபு வேரோடியிருந்தது. அந்த மரபின் பின்னால் நின்றவர்களில் ஒருவர்தான் யாகோப் போமே என்ற சப்பாத்துத் தொழிலாளி.

தகரப் பாத்திரத்தில் பட்ட வெயில்

போமே 1575 இல் கோர்லிட்ஸ் நகருக்கு அருகில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர். 1600 ஆம் ஆண்டு ஒருநாள் வெள்ளீயப் பாத்திரமொன்றில் பட்டுத் தெறித்த வெயிலைப் பார்த்தபோது எல்லாப் பொருளின் உள்ளும் தனக்குத் திறந்துகொண்டதாக உணர்ந்தார். பன்னிரண்டு வருடம் மனதுக்குள் வைத்திருந்து, 1612 இல் அரோரா என்ற நூலை எழுதினார். அதன் கையெழுத்துப் பிரதி ஊருக்குள் சுற்றியது. ஊர்த் தலைமைப் பாதிரியாருக்குக் கோபம். சப்பாத்துத் தைக்கிறவன் சப்பாத்துத் தைக்கட்டும், இனி எழுதக்கூடாது என்று தடை வந்தது. சில வருடம் அடங்கியிருந்தார். பிறகு அடங்க முடியாமல் எழுதிக் குவித்தார். 1624 இல் இறந்தார்.

அவர் சொன்னதை ஒரு கணக்காளன் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் அடியே இல்லாத ஓர் ஆழம் இருக்கிறது. அதற்குத் தன்னைத் தெரியாது. தன்னைத் தான் அறிய வேண்டுமானால் தனக்கு எதிராக ஒன்று வேண்டும். இருள் இல்லாமல் ஒளி தன்னைக் காட்ட முடியாது. இல்லை என்பது இல்லாமல் ஆம் என்பதற்குப் பொருள் இல்லை. ஆகவே கடவுளின் வாழ்வுக்குள்ளேயே ஒரு போராட்டம் இருக்கிறது. உலகத்தில் துன்பமும் தீமையும் இருப்பதன் வேரும் அங்கேதான். ஆனால் அந்த இருட்டான வேர் கடவுளின் அன்பால் ஒளியாக மாற்றப்படுகிறது.

இருநூறு வருடம் கழித்து, எதிர்மை இல்லாமல் எதுவும் நகராது என்று ஹெகல் சொன்னார். அவர் தன் மெய்யியல் வரலாற்று விரிவுரைகளில் போமேயை முதலாவது ஜேர்மன் மெய்யியலாளர் என்ற இடத்தில் வைத்துப் பேசினார். 1809 இல் மனித சுதந்திரம் பற்றி ஷெல்லிங் எழுதிய நூல், கடவுளுக்குள்ளேயே கடவுளல்லாத ஓர் அடித்தளம் இருக்கிறது என்கிறது. போமேயை வாசித்தவர்களுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. அப்படியென்றால் பேராசிரியர்களின் பெரிய பேரேடுகளில், முதல் போட்டவரின் பெயர் பட்டறையில் தோல் வெட்டிய ஒருவருடையது.

லண்டனுக்கும் போமே புதியவர் அல்ல. 17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அவரது நூல்கள் ஆங்கிலத்தில் இங்கே அச்சாகின. வில்லியம் பிளேக் அவரை வாசித்தார். கோல்ரிட்ஜ் தான் பாடசாலைப் பையனாக இருந்தபோதே அரோராவை வாசித்ததாகப் பின்னாளில் எழுதினார். வறண்ட தர்க்கக் கட்டடங்களுக்குள் அகப்பட்டு இதயம் காய்ந்துபோகாமல் தன்னைக் காத்தவை இந்த ஞானிகளின் நூல்கள்தான் என்பது அவர் எண்ணம்.

ஒரு மாதம் தங்க வந்தவர்

1800 களின் தொடக்கத்திலிருந்து கோல்ரிட்ஜின் வாழ்க்கை இறங்குமுகம். வலிக்கென்று குடித்த அபின் கரைசல் அவரைக் குடித்தது. அக்காலத்தில் அது எந்தக் கடையிலும் வாங்கக்கூடிய சாதாரண மருந்து. உடல் தேற மோல்ட்டாத் தீவுக்குப் போய், அங்கே ஆளுநரின் செயலாளராகவும் வேலை பார்த்துவிட்டு, 1806 இல் இன்னும் மோசமாகத் திரும்பினார். மனைவியைப் பிரிந்தார். பிள்ளைகளையும் மனைவியையும் கெசிக் ஊரில் தன் வீட்டில் வைத்துப் பார்த்தவர் மனைவியின் தங்கை கணவரான கவிஞர் சதே. 1812 இல் வெட்ஜ்வூட் சகோதரர்களில் உயிரோடிருந்தவர் தன் பங்கான 75 பவுணை நிறுத்திக்கொண்டார். இறந்தவரின் பங்கு மட்டும் உயிலின்படி வந்தது. அந்த வருடம் கெசிக்குக்குப் போய் வந்த பிறகு, சுமார் பத்து வருடங்களுக்குத் தன் மகள் சாராவை அவர் பார்க்கவே இல்லை.

இந்தக் காலத்தில் அவருக்கு உதவியவர்களில் ஒருவரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தோமஸ் டி குவின்சி. இளைஞர், கோல்ரிட்ஜின் ரசிகர். 1807 இல் தன் பெயரைச் சொல்லாமல் 300 பவுண் கொடுத்தார். அடுத்த வருடம், போமே நூல்களின் பெரிய ஆங்கிலப் பதிப்பைப் பரிசளித்தார். நான்கு பெரிய தொகுதிகள். கோல்ரிட்ஜ் அவற்றின் ஓரங்களில் பல வருடங்கள் குறிப்பெழுதினார். அந்தத் தொகுதிகள் இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன.

1816 ஏப்ரலில் ஒரு மாலை, ஹைகேற்றில் வைத்தியர் ஜேம்ஸ் கில்மனின் கதவைக் கோல்ரிட்ஜ் தட்டினார். அபினைக் கட்டுப்படுத்தத் தன் வீட்டில் வைத்துப் பார்க்க முடியுமா என்று வேறொரு வைத்தியர் மூலம் முன்கூட்டியே கேட்டிருந்தார். கேட்டது ஒரு மாதத்துக்கு. இருந்தது பதினெட்டு வருடங்கள், சாகும்வரை. கில்மன் தம்பதி 1823 இல் தி குறோவ் என்ற தெருவில் 3 ஆம் இலக்க வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது இவரையும் கூட்டிக்கொண்டே போனார்கள். மேல்மாடி அறை அவருக்கு. ஹாம்ஸ்ரெட் பசுமை அந்த யன்னலில் தெரியும். அபின் முழுதாக விடவில்லை, இரகசியமாகவும் வாங்கினார். ஆனால் அளவு குறைந்தது. எழுத முடிந்தது.

வியாழக்கிழமைகளில் அந்த வீட்டுக்கு இளைஞர்கள் ஏறி வருவார்கள். கார்லைல் வந்தார். அமெரிக்காவிலிருந்து 1833 இல் எமேர்சன் வந்தார். கவிஞர் கீட்ஸ் 1819 இல் ஹைகேற் ஒழுங்கையொன்றில் தற்செயலாகச் சந்தித்துக் கூட நடந்தார். வந்தவர்களில் பலர் விளங்காமல் போனார்கள். சிலர் அந்தப் பேச்சால் வாழ்க்கையே மாறிப் போனார்கள்.

கணக்கில் விடுபட்ட பெயர்

1815 கோடையில், ஹைகேற் வருவதற்குச் சற்று முன், கான் என்ற ஊரில் ஒரு நண்பர் எழுத எழுதச் சொல்லி உருவாக்கிய நூல் பயோகிராஃபியா லிற்றராரியா. 1817 இல் வெளிவந்தது. தன் இலக்கிய வாழ்வையும் மெய்யியலையும் சேர்த்துச் சொன்ன நூல். கற்பனை என்றால் என்ன என்பது பற்றிய இன்றைய பேச்சில் பாதி இந்த நூலிலிருந்து வந்தது. ஒன்பதாம் அத்தியாயத்தில் போமேயை மரியாதையோடு நினைவுகூர்கிறார். ஷெல்லிங்கின் பெயரையும் சொல்கிறார். இருவரும் ஒரே ஊற்றுகளில் குடித்தவர்கள், ஆகவே ஒற்றுமை இருப்பது இயல்பு, ஷெல்லிங்கோடு ஒத்துப்போகும் எதுவும் ஷெல்லிங்குக்கே சேரட்டும் என்ற பொருளில் பொதுவாக ஒரு வாக்குமூலம் வைக்கிறார். பிறகு பன்னிரண்டாம் அத்தியாயத்தில், ஷெல்லிங் 1800 இல் எழுதிய நூலிலிருந்து நீண்ட பகுதிகள் கோல்ரிட்ஜின் ஆங்கிலத்தில் வருகின்றன. எந்த வரி யாருடையது என்ற அடையாளம் இல்லை. பதின்மூன்றாம் அத்தியாயத்தில் வாதம் உச்சத்துக்குப் போகும் இடத்தில், இதை இங்கே நிறுத்தச் சொல்லி நண்பர் ஒருவர் கடிதம் எழுதினார் என்று கடிதத்தைப் போடுகிறார். அந்தக் கடிதத்தை எழுதியதும் அவரே.

என் தொழிலில் இதை எப்படிப் பார்ப்போம்? இந்தக் கணக்கிலுள்ள சில தொகைகள் இன்னொருவருடையதாக இருக்கலாம், இருந்தால் அவருக்கே உரியது என்று அடியில் ஒரு குறிப்பெழுதிவிட்டு ஐந்தொகையை நீட்டினால், எந்தக் கணக்காய்வாளரும் கையெழுத்து வைக்க மாட்டார். எந்தத் தொகை, எவ்வளவு, எந்தத் திகதி என்று கேட்பார். அதே நேரம், கடன்கொடுத்தவரின் பெயரை முழுதாக மறைத்த மோசடியும் இது அல்ல. பெயர் இருக்கிறது, பட்டியல் இல்லை. ஜேர்மன் வாசிக்கக்கூடியவர்கள் இங்கிலாந்தில் குறைவாக இருந்த காலம் என்பது அவருக்கு எதிரான சாட்சி. நோயும் அவசரமும், பழைய குறிப்பேடுகளில் தன் எண்ணமும் மொழிபெயர்ப்பும் கலந்து கிடந்ததும் அவருக்குச் சார்பான சாட்சி. காசு இலாபமும் இல்லை. பதிப்பாளர் 1819 இல் வங்குரோத்தானதில் இவருக்கு நட்டம்தான் மிச்சம்.

ஆனால் எடுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. ஷெல்லிங்கின் பாதையில் போனால் கடவுளும் உலகமும் ஒன்றாகிவிடும் என்ற பயம் விரைவிலேயே அவருக்கு வந்தது. எல்லாம் ஒன்று என்றால் பாவம் யாருடையது, மன்னிப்பவர் யார், நான் யாரைக் கும்பிடுவது? அபினில் விழுந்து விழுந்து எழும்பிய ஒருவருக்கு இவை புத்தகக் கேள்விகள் அல்ல. நம் சைவசித்தாந்திகள் அத்வைதிகளிடம் கேட்ட கேள்விக்கு இது மிகப் பக்கத்தில் நிற்கிறது. பதியும் பசுவும் ஒன்றே என்றால் அருளுக்கு என்ன வேலை என்றுதானே அவர்களும் கேட்டார்கள்? 1818 அளவில் கோல்ரிட்ஜ் ஷெல்லிங்கை விட்டு விலகினார். இயற்கையையும் கடவுளையும் குழப்பிவிட்டார் என்று போமேயின் ஓரங்களிலும் கடிந்து எழுதினார். தன் உள்ளனுபவம் தனக்கு உண்மை என்பதோடு நிற்காமல், அதுவே எல்லோருக்கும் சாட்சி என்று நினைப்பதுதான் ஞானிகள் தவறும் இடம் என்று 1825 இல் வந்த தியானத்துக்கான துணைகள் என்ற நூலில் விளக்கினார். எல்லாவற்றையும் இணைக்கும் பெருநூல் ஒன்றை ஜோசப் ஹென்றி கிறீன் என்ற சத்திரசிகிச்சை நிபுணருக்குச் சொல்லி எழுதுவித்தார். முடியவில்லை. குருவின் மெய்யியலை ஒழுங்கு செய்வதிலேயே கிறீனின் மீதி வாழ்நாள் போனது. அந்தக் கையெழுத்துப் பிரதிகள் முழுமையாக அச்சில் வந்தது 2002 இல்தான்.

மகள் எழுதிய இணக்கக்கூற்று

1834 யூலை 25 இல் கோல்ரிட்ஜ் காலமானார். இரண்டு மாதம் முடிவதற்குள் ஒரு சஞ்சிகையில் அவரைப் பற்றிய நினைவுக் கட்டுரைகள் வரத் தொடங்கின. ஷெல்லிங்கிடமிருந்து களவெடுத்தவர் என்ற குற்றச்சாட்டு அதில் பகிரங்கமாக வைக்கப்பட்டது. எழுதியவர் டி குவின்சி. 300 பவுணும் போமே தொகுதிகளும் கொடுத்த அதே டி குவின்சி. அவரும் அபினுக்கு அடிமையாகி, அதைப் பற்றி எழுதியே புகழ்பெற்றவர். 1840 இல் ஃபெரியர் என்ற ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் இன்னொரு சஞ்சிகையில் பக்க எண்களோடு நிரூபித்தார். இனி மறுக்க வழியில்லை.

இந்த இடத்தில் மகள் சாரா வருகிறார். 1802 இல் பிறந்தவர். தகப்பனை அதிகம் கண்டறியாத பிள்ளை. சதே வீட்டுப் புத்தகங்களைக் கொண்டு தானாகவே மொழிகள் படித்து, இருபது வயதில் இலத்தீனிலிருந்து பெரிய நூலொன்றை மொழிபெயர்த்தவர். ஒன்றுவிட்ட அண்ணனான ஹென்றி நெல்சன் கோல்ரிட்ஜை மணந்தார். கணவன் மாமனாரின் நூல்களைப் பதிப்பித்துவந்தார். 1843 இல் கணவனும் இறந்தார். கைம்பெண், இரண்டு பிள்ளைகள், சுகவீனம், தகப்பனைப் போலவே அபின் பழக்கம். அந்த நிலையில் ஷெல்லிங்கின் ஜேர்மன் நூல்களை எடுத்து வைத்துக்கொண்டு, தகப்பனின் நூலை வரிவரியாக ஒப்பிட்டார். 1847 இல் வெளியிட்ட புதிய பதிப்பில், எந்தப் பக்கம் எந்த நூலில் எந்த இடத்திலிருந்து வந்தது என்று குறிப்புகளில் எழுதி வைத்தார். தகப்பனுக்குக் களவெடுக்கும் நோக்கம் இல்லை என்று முன்னுரையில் நீண்ட வாதம் செய்தார். ஆனால் எடுத்ததை எடுக்கவில்லை என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. குற்றம் சாட்டியவர்கள் கண்டுபிடிக்காததையும் கண்டுபிடித்துச் சேர்த்தார்.

நான் பார்த்த இணக்கக்கூற்றுகளில் இதைவிட நேர்மையானது இல்லை. ஒரு வீட்டில் தகப்பன் விட்டுப்போன கடன் வெளியே வரும்போது பிள்ளைகள் பொதுவாக இரண்டில் ஒன்று செய்வார்கள். அப்படி ஒன்றுமில்லை என்று சண்டை போடுவார்கள், அல்லது அந்த மனிதரோடு எங்களுக்குத் தொடர்பில்லை என்பார்கள். தன்னை வளர்க்காத தகப்பனைப் பற்றி இரண்டாவதைச் சொல்ல சாராவுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் கணக்கைத் திறந்து காட்டிவிட்டு, இது என் அப்பா என்று பக்கத்தில் நின்றார். 1852 இல், ஐம்பது வயது நிரம்பு முன், புற்றுநோயால் இறந்தார்.

கடன்கொடுத்தவர் என்ன சொன்னார்? ஷெல்லிங் 1840 களில் பெர்லினில் புராணங்களின் மெய்யியல் பற்றி விரிவுரை செய்துகொண்டிருந்தார். கோல்ரிட்ஜின் கட்டுரை ஒன்றில் தனக்குத் தேவையான ஒரு நல்ல சொல் இருந்ததைக் கண்டார். அந்த ஒரு சொல்லுக்காக, தன்னிடமிருந்து அவர் எடுத்தவற்றையெல்லாம் மனமுவந்து விட்டுக்கொடுப்பதாக வெளிப்படையாகப் பதிவு செய்தார். தன்னை இங்கிலாந்தில் விளங்கிக்கொண்டவரை அவருடைய நாட்டவரே இப்படிக் குற்றம் சாட்டியிருக்க வேண்டாம் என்றும் வருத்தப்பட்டார். ஷெல்லிங்குக்கும் தன் பேரேட்டில் போமே என்ற பெயர் இருப்பது தெரியும்.

போமேக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. அவர் கேட்டதும் இல்லை.

இதை எழுதும்போது என் சொந்தக் கணக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஈஸ்ற்ஹாமில் ஓர் அண்ணை தன் வீட்டு முன்னறையை இரண்டு கிழமைக்கு என்று தந்தார். இரண்டு வருடம் இருந்தேன். என் பரீட்சைப் புத்தகங்களும் அவர் வாங்கித் தந்தவைதான். அவர் போய்ச் சேர்ந்து கன காலம். எங்கே யார் கேட்டாலும் நான் கஷ்டப்பட்டுப் படித்து வந்தவன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். பொய் இல்லை. ஆனால் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்காமல் விட்டிருக்கிறேன். கில்மன், கோல்ரிட்ஜ் இறந்த பிறகு அவர் வாழ்க்கையை எழுதத் தொடங்கி, முதல் பாகத்தை 1838 இல் வெளியிட்டு, இரண்டாம் பாகம் எழுதாமலே அடுத்த வருடம் இறந்தார். வீட்டில் வைத்துப் பார்த்தவரே வரலாற்றையும் எழுத வேண்டியிருந்தது.

அடுத்த முறை முருகன் கோயிலுக்குப் போனால் நேரம் இருந்தால் மேலே ஏறிப் பாருங்கள். தேவாலயம் திறந்திருந்தால் உள்ளே போகலாம். அங்கிருந்து தி குறோவ் தெருவும் கிட்டத்தான், 3 ஆம் இலக்க வீட்டுச் சுவரில் கோல்ரிட்ஜின் பெயர்ப்பலகை இருக்கிறது. கல்லறைக்கு முன் நிற்கும்போது, கவிஞரோடு அதே நிலவறையில் படுத்திருக்கும் மகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.